ரிலீவர் வரும்வரை

2024 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, மூக்கண்டப்பள்ளி தண்ணீர்த் தொட்டி மைதானத்தில் கையூன்றிக் கரணம் அடித்த டெல்சி கீழே வரவில்லை. ஏழடி உயரத்தில் தலைகீழாக நின்றாள்.

கப்போய்ரா வகுப்புக்கு அது மூன்றாவது வாரம். பிரேசிலில் ஆப்பிரிக்க அடிமைகள் சண்டையை ஆட்டமாக மறைத்துப் பழகிய கலை என்று எபினேசர் சொல்லியிருந்தான். பெங்களூரில் நாலு மாதம் கற்று வந்தவன். மூங்கிலில் கிளட்ச் கேபிள் கட்டி, சுரைக்குடுக்கை மாட்டிய வில்லை அவன் தட்டுவான். மற்றவர்கள் வட்டமாக நின்று கைதட்ட, நடுவில் இருவர் ஆடுவார்கள். முதல் வாரம், காலை மாற்றி மாற்றிப் பின்னால் வைத்து அசைவது. அடுத்தது கரணம். மூன்றாவது, உள்ளே ஆடுபவரை வெளியிலிருந்து ஒருவர் வந்து மாற்றிவிடுவது. வந்திருந்த எல்லோரும் ஷிஃப்ட் பார்ப்பவர்கள். இடத்தை வாங்கிக்கொள்ளும் ரிலீவர் வராமல் மெஷினை விட்டு நகரக் கூடாதென்பது அவர்கள் உடம்பிலேயே ஊறியிருந்தது. டெல்சியின் உடம்பு கொஞ்சம் அதிகமாகவே கீழ்ப்படிந்துவிட்டது.

"எறங்குடி! நாளைக்குப் பத்து மணிக்கு இன்டர்வியூ!" என்று கத்தினாள் அம்மா பவுலினா.

"ரிலீவர் வரலியேம்மா."

டெல்சிக்கு நாலு வருஷ கான்ட்ராக்ட் வேலைக்குப் பிறகு வந்திருக்கும் ஒரே பர்மனன்ட் இடம். தீயணைப்பு வீரர்கள் இழுத்துப் பார்த்தார்கள். கையை விட்டதும் பலூன்போல மேலே போனாள். தட்டுவது நின்றால் விழுந்துவிடுவாளோ என்று எபினேசர் வில்லைக் கீழே வைக்கவில்லை. அவனுக்குச் சோறு ஊட்டிவிட்டார்கள். மற்றவர்களில் கரணம் சரியாக வந்தது நிர்மலாவுக்கு மட்டும். அவளும் அதே இடத்துக்குத்தான் போட்டி. இன்டர்வியூவுக்குப் படிக்க வேண்டுமென்று அன்று வகுப்புக்கு வரவில்லை. டெல்சிக்கோ சிரிப்பு அடங்கவில்லை. தலைகீழாகப் பார்த்ததில் பெங்களூர் பஸ்கள் வானத்தில் ஓடின.

திங்கள் எட்டு மணிக்குத் தேய்த்த யூனிஃபார்மில் நிர்மலா வந்தாள்.

"ஏண்டி, இங்கயே பர்மனன்ட் ஆயிட்டியா?"

"நீ போடி. ஒனக்குத்தான் வேலை."

"ஒன்ன தொங்கவுட்டுட்டுப் போயி ஜெயிச்சா லைன்ல பேசியே கொன்னுருவாளுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு நிர்மலா வட்டத்துக்குள்ளே போய்க் கரணம் அடித்தாள். டெல்சி இறங்கினாள், நிர்மலா ஏறினாள்.

இன்டர்வியூவில் டெல்சி நடந்ததை அப்படியே சொன்னாள். ரிலீவர் என்றதும் மூன்று அதிகாரிகளுக்கும் புரிந்துவிட்டது. மூவரும் ஜீப்பில் மைதானத்துக்கு வந்து, கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நிர்மலாவிடம் பன்னிரண்டு கேள்வி கேட்டார்கள். பதினொன்றுக்குச் சரியாகச் சொன்னாள். டெல்சி சொன்னது ஒன்பது. வேலை நிர்மலாவுக்கு. ஆர்டரில் கையெழுத்துப் போட அவள் இறங்க வேண்டியிருந்ததால், டெல்சி மறுபடி கரணம் அடித்தாள்.

அன்றிலிருந்து அங்கே யாராவது ஒருவர் மேலே இருக்கிறார். வில் தட்ட இப்போது பதினேழு பேருக்குத் தெரியும். நவம்பரில் இன்னொரு இடம் காலியாகி டெல்சியும் பர்மனன்ட் ஆனாள்.