கிளட்ச் கால்

டிரைவருக்குத் தோள் எலும்பில் சீழ் வைத்தது. மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் மாத்திரை விழுங்கியதில் சீழ் வற்றியது. கூடவே வலது பாதம் மரத்துப்போனது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். மிதிப்பது பிரேக்கையா வெறும் தரையையா என்று அந்தக் காலுக்குத் தெரியவில்லை.

இந்தக் காலோடு பஸ்ஸை எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டார். டிப்போவில் ஆள் பற்றாக்குறை. "உடம்பு வணங்காம நடிக்கிறாரு" என்று மேனேஜர் அவரைக் கம்பெனி டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் 'ஃபிட்' என்று எழுதிவிட்டால் நாளைக் காலை வண்டியை எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் வேலை போய்விடும். பஸ் ஓட்டுவதைத் தவிர வேறெதற்கும் ஆசைப்படாத மனிதரைப் பார்த்து நடிப்பு என்றால் வயிறு எரியாதா?

டாக்டர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"சீழ் நல்லா வத்திடுச்சு. மரத்துப்போன மாதிரி தோணுறதெல்லாம் மனசுல இருக்கற பயம்."

"மனசா சார் பிரேக் போடுது? மாத்திரை ஆரம்பிச்ச பிறகுதான் இப்படி ஆச்சு. மருந்து நரம்பைத் தின்னுடுச்சுன்னு எழுதுங்க."

"இடது கால் எப்படி?"

"அதுக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கு."

"மருந்து ஒரு காலை மட்டும் பார்த்துத் தின்னுமா?" டாக்டர் சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் கதவு திறந்தது. கீழே மருந்து வாங்க நின்றிருந்த மனைவி, கையில் ஒற்றைச் செருப்போடு வந்தாள்.

"படிக்கட்டுலயே விட்டுட்டு வந்திருக்கீங்க. அதுகூடவா தெரியல?"

அவர் மேசைக்கு அடியில் குனிந்தார். வலது காலில் செருப்பு பத்திரமாக இருந்தது. அந்தக் காலைத்தான் கண்ணால் பார்த்துப் பார்த்து வைத்து நடந்திருந்தார். நம்பி விட்டிருந்த இடது கால், கிளட்ச் மிதிக்கும் கால், வெறுங்கால். சில்லென்ற தரையில் அவ்வளவு தூரம் வந்தும் அது ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவருக்கு இனி ஸ்டியரிங்கைத் தொடப்போவதில்லை என்று புரிந்தது. பிறகு கோபம் வந்தது. அது நல்ல கோபம்.

"நீங்க கேட்டது நியாயம்தான் டாக்டர்," என்று நிமிர்ந்தார். "மருந்து ஒரு காலோட நிக்கல. பிரேக்கோட சேர்ந்து கிளட்சும் போச்சு. ரெண்டையும் எழுதுங்க. எதனால போச்சுன்னும் எழுதுங்க. எழுதற வரைக்கும் நான் எழுந்திருக்கப் போறதில்ல."

"வெளியே பேஷன்ட்டெல்லாம் காத்திட்டிருக்காங்க."

"அவங்களும் பஸ்லதான் சார் வந்திருப்பாங்க."

மனைவி பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.