ரோட்டு ஒழுங்கில் வைத்த வட்டா

தலைமையாசிரியையாகப் பெரிய ரீச்சர் அன்னலட்சுமி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியபோது இரண்டு ட்ரங்குப் பெட்டிகளும் ஒரு குடையும் கூட வந்தன. பெட்டிகளுக்குள் என்ன இருந்தது என்பது ஒரு கிழமைக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றில் சேலைகள். மற்றதில் கழகங்கள்.

முப்பத்தாறாம் ஆண்டுத் தை மாதம் அது. ஏறாவூருக்கு அப்பால், வாவியோர ஊர் ஒன்றில் இருந்த அந்தப் பெண்கள் பாடசாலையில் அதுவரை பிள்ளைகள் படித்தார்கள், தைத்தார்கள், பெரிய பிள்ளையானதும் நின்றுகொண்டார்கள். மாசி பிறப்பதற்குள் பேச்சுக் கழகம், தோட்டக் கழகம், விளையாட்டுக் கழகம், நாடகக் கழகம் என்று நாலு முளைத்தன. நாலுக்கும் செயலாளர் ஒரே ஆள், பெரிய வயற்காரர் நல்லரத்தினம் போடியாரின் மகள் சீதேவிப்பிள்ளை. தலையைச் சொறியக் கை தூக்கியவளை ரீச்சர் பிடித்துப் போட்டுவிட்டார் என்று அவளுடைய தோழி மங்கையற்கரசி சொல்லித் திரிந்தாள். பொய். சீதேவி வேண்டுமென்றேதான் தூக்கினாள்.

கழகங்களைத் திறம்பட நடத்தும் பிள்ளையை ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்குச் சிபாரிசு செய்வதாகப் பெரிய ரீச்சர் சொல்லியிருந்தார். சீதேவிக்கு அங்கே போக வேண்டும். தகப்பனுக்கோ அவளை அடுத்த மாரி நெல் வெட்டு முடிந்த கையோடு தாய்மாமன் கந்தப்போடியின் மகன் யோகராசாவுக்குக் கட்டிக் கொடுக்க வேண்டும். யோகராசாவில் பெரிய குற்றம் ஒன்றும் இல்லை. எருமை மாடுகளைப் பற்றி மட்டும் பேசுவான். அதையும் நிறுத்தி நிறுத்திப் பேசுவான். போடியார் மைத்துனருக்கு வாக்குக் கொடுத்துவிட்டார். உன்னிச்சைப் பக்கம் உள்ள தன் வயல் வட்டையில் பாதியை விற்றாலும் விற்பார், வாக்கை மட்டும் திருப்பி எடுக்கமாட்டார். மாமன் வீட்டாராக விட்டால்தான் உண்டு. இது சீதேவிக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

முதலில் பேச்சுக் கழகம். பெண்ணுக்குச் சிறந்தது ஏடா, அடுப்பா என்பது விவாதம். ரீச்சர் கட்சி பிரித்ததில் சீதேவி அடுப்பின் பக்கம் விழுந்தாள். தோற்கத் தெரியாத பிள்ளை, அடுப்புக்காக அப்படி வாதாடினாள்; ஏட்டுக் கட்சியில் ஒருத்தி அழுதேவிட்டாள். செய்தி கடைத்தெருவுக்குப் போயிற்று. போடியார் கேட்பவர் கேளாதவர் எல்லாருக்கும் சொன்னார்:

"எங்கட புள்ள சபையில சொல்லிப்போட்டாள். அடுப்புத்தானாம். படிச்ச புள்ளைதானே, சரியாத்தான் சொல்லுவாள்."

அன்று இரவு சீதேவி சோறு தின்னவில்லை. தொண்டை கட்டிவிட்டது என்று தாய் ஆச்சிப்பிள்ளை நினைத்தாள்.

தோட்டக் கழகம் கத்தரி நட்டது, ஆடுகள் அறுவடை செய்தன. விளையாட்டுக் கழகம் ஓட்டப் போட்டி வைத்தது. சேலை தடுக்கி மூன்று பேர் விழ, நடந்தே வந்தவள் முதலாவதானாள். ஒவ்வொன்றுக்கும் பெரிய ரீச்சர் பட்டணத்தில் அச்சடித்த அழைப்பு அட்டைகளைப் பிள்ளைகள் கையில் வீட்டுக்கு அனுப்பினார். ஒவ்வொரு முறையும் பெற்றோர் உட்காரப் போட்ட வாங்குகள் வெறுமையாகவே கிடந்தன. அட்டைகள் வீணாகிவிட்டன என்று சொல்ல முடியாது. போடியார் வீட்டில் ஒன்று ஆடுகிற மேசைக்கால் ஒன்றுக்கு அண்டை கொடுத்திருந்தது.

ஆண்டு விழாவை ரீச்சர் மார்கழியில் வைக்க விரும்பினார். மார்கழி மழையில் ரோட்டில் தோணிதான் ஓடும் என்று யாரோ சொன்னபிறகு புரட்டாதிக்கு மாற்றினார். அதற்காகக் கூட்டிய கழகக் கூட்டத்தில் அவர் குரல் கொஞ்சம் உடைந்தே இருந்தது.

"என்ன பிள்ளையள், இவ்வளவு வடிவா அச்சடிச்சு அனுப்பியும் ஏன் ஒருத்தரும் வரேல்லை? இந்த முறையும் தாய் தேப்பன்மார் வராட்டில் கழகமும் இல்லை, சிபாரிசும் இல்லை."

சீதேவி எழுந்தாள். "ரீச்சர், இஞ்ச கடதாசிக்கு ஆரும் வரமாட்டாங்க. வட்டா வைக்கோணும்."

"வட்டாவோ? அதென்ன?"

காலுள்ள பித்தளைத் தட்டில் வெற்றிலையும் பாக்கும் அடுக்கி, வீட்டுக்கு வீடு கொண்டுபோய் நீட்ட வேண்டும். வீட்டார் வெற்றிலையை எடுத்தால் வருவார்கள், எடுக்காவிட்டால் வரமாட்டார்கள். கலியாணமானாலும் கோயில் காரியமானாலும் இந்தப் பக்கத்தில் அழைப்பு என்றால் அதுதான். சீதேவி இவ்வளவையும் விளக்கினாள். யார் வீட்டுக்கு முதலில் வைப்பது என்ற பாடத்தை மட்டும் விட்டுவிட்டாள், ரீச்சரும் கேட்கவில்லை.

"அப்ப நீர்தான் செயலாளர், நீரே கொண்டுபோம்," என்றார் ரீச்சர். "பள்ளிக்கூட வாசலிலை துடங்கி ரோட்டு ஒழுங்கிலை போம். ஒரு வீடும் விடுபடக் கூடாது."

யாழ்ப்பாணத்து மூளை. தபாற்காரனுக்குச் சரியான யோசனைதான்.

விழாவுக்கு முந்திய சனிக்கிழமை சீதேவி வீட்டு வட்டாவைப் புளி போட்டு மினுக்கி எடுத்துக்கொண்டாள். துணைக்கு மங்கையற்கரசி. ஆச்சிப்பிள்ளைக்கு முழங்கால் வீங்கியிருந்தது. வாசல் வரைதான் வந்தாள்.

"முதல் மாமாட வீட்ட வைகா. பொறகுதான் மத்த ஆக்கள். கேட்டியா?"

"ஓம் அம்மா," என்றாள் சீதேவி.

ரோட்டில் இறங்கியதும் இடப்பக்கம் திரும்பினால் வாவிக்கரை, மாமன் வீடு. வலப்பக்கம் பள்ளிக்கூட வாசல். சீதேவி கொஞ்சம் நின்றாள். வட்டாவைக் கைமாற்றிப் பிடித்தாள்.

"இடப்பக்கம்கா," என்றாள் மங்கையற்கரசி.

"பெரிய ரீச்சர் ரோட்டு ஒழுங்கில போகச் சொன்னவ."

"ரீச்சருக்கு என்ன தெரியும்? தாய்மாமன விட்டுப்போட்டு ஊருக்கு வட்டா வைக்கிறதா? மாமி பேயாடுவா புள்ள."

"நான் செயலாளர். சொன்னபடிதான் செய்யோணும்," என்றாள் சீதேவி. இவ்வளவு கீழ்ப்படிவுள்ள பிள்ளையை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. வலப்பக்கம் நடந்தாள்.

வீடு வீடாக வெற்றிலை எடுத்தார்கள். பள்ளிக்கூடமாவது, வட்டா வைக்கிறதாவது என்று சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே எடுத்தார்கள். பாதி ரோட்டில் ஒருத்தி சும்மா கேட்பதுபோலக் கேட்டாள், "மாமா வீட்ட வச்சிட்டுத்தானே வாறாய் கிளி?" சீதேவி தட்டைப் பார்த்துக்கொண்டு, "இனித்தான்," என்றாள். கேட்டவளுக்கு அடுப்பில் குழம்பு இருந்தது. ஆனாலும் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு குறுக்கு வளவால் வாவிக்கரைப் பக்கம் விரைந்து போனாள். குழம்பு கருகியது அயலில் எல்லாருக்கும் மணத்தது.

ஆகவே சீதேவி மாமன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது வாவியில் இறங்கிக்கொண்டிருந்தது, தட்டில் வாடலும் பொடியுமான வெற்றிலைகளே மிச்சம், மாமி தெய்வானைப்பிள்ளை வாசலில் பாயில் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"மாமி, பள்ளிக்கூடத்து விழா. எல்லாரும் வரோணும்."

மாமி வட்டாவைப் பார்க்கவில்லை. வாவியைப் பார்த்தாள்.

"எத்தின வீட்டுக்கு வச்ச நீ?"

"எல்லா வீட்டுக்கும் மாமி."

"எங்கிட வீடு எத்தினையாவது?"

"கடைசி வீடுதானே மாமி ரோட்டில."

"ஓம், கடைசி வீடு. வண்ணான் வீட்டுக்கு வச்சு, ஓடாவி வீட்டுக்கு வச்சு, மிஞ்சின சருக எங்களுக்குக் கொண்டந்திரிக்கா மருமகள்." மாமியின் குரல் ஏறவில்லை, அதுதான் பயம். "இப்பவே மாமன் கடைசி. கட்டிக்கொண்டு வந்தாப் பொறகு எங்கள எங்க வைப்பாய் புள்ள? கிணத்தடியிலயா?"

"பெரிய ரீச்சர்தான் ரோட்டு ஒழுங்கில..."

"அப்ப ரீச்சரையே மாமியாரா வச்சிக்கொள்."

உள்ளேயிருந்து யோகராசா எட்டிப் பார்த்தான். வெற்றிலை எடுக்கக் கையை நீட்டினான் என்றும், தாய் பார்த்த பார்வையில் அந்தக் கையால் காதைச் சொறிந்துகொண்டான் என்றும் மங்கையற்கரசி பிறகு சொன்னாள். இதை நம்பலாம். வெற்றிலையை யாரும் எடுக்கவில்லை. சீதேவி வட்டாவோடு திரும்பினாள்.

விழாவன்று வாங்குகள் போதவில்லை. மாட்டு வண்டிகள் ரோட்டை அடைத்தன. ஏறாவூர்ப் பக்கீர் காக்கா காஸ் லாம்புகளை வாடகைக்குக் கொடுத்ததோடு நில்லாமல், நாடகம் முடியும் வரை அவற்றுக்குக் காவல் என்று முன்னாலேயே குந்தியிருந்தார். நாடகத்தில் ராசாவின் தும்பு மீசை கழன்று மந்திரியின் தோளில் ஒட்டிக்கொண்டபோது சபை சிரித்த சிரிப்பில் பெரிய ரீச்சர் கண்ணீர் விட்டார். வெற்றி என்று நினைத்துத்தான் விட்டார்.

முன்வரிசையில் மாமன் வீட்டாருக்கு விட்டுவைத்த ஒரு வாங்கு மட்டும் வெறுமையாகக் கிடந்தது. போடியார் நாடகத்தைப் பார்க்கவில்லை, அந்த வாங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். யோகராசாவோ வேலிக்கு வெளியே புளியமரத்தடியில் கச்சான் கடலை தின்றபடி, ராசாவின் மீசைக்கு எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். வெற்றிலை எடுக்காதது வீட்டார்தானே, அவன் கையை நீட்டியவன்.

மறுநாள் காலையில் கந்தப்போடி ஆள் விட்டுச் சொன்னார்: பொடியனுக்கு வேறு இடம் பார்க்கிறார்களாம்.

போடியார் மகளைக் கூப்பிட்டார். "ஆர் உனக்கு அப்பிடிப் போகச் சொன்ன?"

"பெரிய ரீச்சர்."

"உனக்குத் தெரியாதா?"

சீதேவி குனிந்து மேசைக்காலுக்கு அண்டை கொடுத்திருந்த அட்டையைச் சரிசெய்தாள். தகப்பன் அவளையும் அட்டையையும் பார்த்தார். பிறகு சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனார். போகும்போது இருந்த கோபம் அசல்தான், கோழிகள்கூட ஒதுங்கின. ஆனால் பெரிய ரீச்சர் அவரைக் கண்டதும் எழுந்து கைகூப்பி, தேத்தண்ணி வரவழைத்து, இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றதற்கு நன்றி சொன்னார். நான்காம் முறை நன்றி சொன்னபோது போடியார் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன குற்றமெண்டாலும் என்ரதுதான் ஐயா. பிள்ளை நான் சொன்னதைத்தான் செய்தவ. அவவைக் கலாசாலைக்கு விடுங்கோ."

போடியார் கணக்குப் போட்டார். பேச்சு முறிந்த பெண் வீட்டில் இருந்தால் ஊர் தினமும் கேட்கும். படிக்கப் போனாள் என்றால் ஒருமுறைதான் கேட்கும்.

"இனி என்ன, போகட்டும்," என்றார்.

அடுத்த தையில் சீதேவி பெட்டியோடு ரயிலேறினாள். ஆச்சிப்பிள்ளை அண்ணன் வீட்டை நினைத்தும் மகளை நினைத்தும் ஒரே அழுகையில் முடித்துக்கொண்டாள்.

சீதேவி முதல் விடுமுறைக்கு வந்த மாதம் யோகராசாவுக்குக் கலியாணம் பேசி முற்றாகியிருந்தது. பெண் வேறு யாருமல்ல, மங்கையற்கரசி. மாமி தெய்வானைப்பிள்ளை தானே வட்டா தூக்கினாள். வாவிக்கரையில் தொடங்கி, ஒழுங்கை சந்தெல்லாம் புகுந்து, ஊர் முழுக்க வைத்து முடித்து, மாலை மங்கும் நேரத்தில் நல்லரத்தினம் போடியார் படலையில் வந்து நின்றாள். தட்டில் நாலைந்து சருகு கிடந்தது.

ஆச்சிப்பிள்ளை குசினியிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருவதற்குள் சீதேவி முற்றத்தில் இறங்கிவிட்டாள்.

"வாங்க மாமி," என்று சொல்லி, இருந்ததில் பெரிய வெற்றிலையாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள்.