பதினெட்டாம் கட்டில்

"மாமா, இது என்ன?"

மாமனார் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து அந்தக் கடிதத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள் மருமகள். துவைக்க எடுத்த அவருடைய கோட்டுப் பையில் கிடந்தது. ராணுவ ஆஸ்பத்திரியின் முத்திரை. முகமும் தொண்டையும் வெந்துபோன ஒருவர் பதினெட்டாம் கட்டிலில் இருக்கிறார், போரில் காணாமல் போன உங்கள் மூத்த மகனாக இருக்கலாம், வந்து அடையாளம் காட்டவும். தேதி போட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அந்த இரண்டு மாதமும் அவள் சீருடை தைக்கும் கூடத்தில் மேஸ்திரியிடம் கெஞ்சி அரைநாள் விடுப்பு வாங்கி, புருஷனைப் பற்றிக் கேட்க விசாரணை அலுவலக ஜன்னலுக்கு முன்னால் கால் கடுக்க நின்றிருந்தாள். தகவல் வந்தால் தகப்பனுக்குத்தான் போகும், பெண்களிடம் சொல்வதில்லை என்று ஒவ்வொரு முறையும் விரட்டினார்கள்.

"போய்ப் பாத்துட்டேன். அது அவன் இல்ல" என்றார் மாமனார், தலை நிமிராமல்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?"

"இல்லாதவனப் பத்தி என்னன்னு சொல்றது?"

மாமியார் கையிலிருந்த பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள். "போனவன் போயிட்டான். இருக்கிற ஒருத்தனையும் அனுப்பி வைக்கப் பாக்கறியாடி?"

கொழுந்தன் சாப்பாட்டை அப்படியே விட்டு எழுந்து போனான். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரே மகனைப் படையில் சேர்ப்பதில்லை என்பது சட்டம். மூத்தவன் உயிரோடு வந்தால் இளையவன் துப்பாக்கி தூக்க வேண்டும்.

மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல் ராணுவ ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினாள்.

கட்டிலில் தலை முழுக்கக் கட்டுப் போட்டுக் கிடந்தவரின் ஒரு கண் மட்டும் வெளியே தெரிந்தது. அவள் போர்வையைக் கால்மாட்டில் விலக்கினாள். இடது காலில் இரண்டாம் விரல் கட்டைவிரலின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கல்யாணமான புதிதில், "உங்க விரலுக்குக்கூட என்ன அவசரமோ" என்று அவள் கேலி செய்த விரல்.

"ஒரு பெரியவர் வந்து இவர் காதுல என்னமோ சொல்லி ரொம்ப நேரம் அழுதாரும்மா" என்றாள் நர்ஸ். "அப்புறம், இது உங்க அப்பாவான்னு டாக்டர் கேட்டதுக்கு, இல்லன்னு இவரே தலையாட்டிட்டாரு."

அவள் குனிந்தாள். "தம்பிக்காகவா?"

கண் மூடித் திறந்தது.

"என்னை ஒரு நிமிஷம் நெனச்சீங்களா?"

முகம் மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது.

"அப்பனும் மகனுமா முடிவு பண்ணிட்டீங்க. நான் எதுக்கு, இல்ல?" என்றாள். ஆனாலும் அவர் கையை விடவில்லை. அந்தக் கை அவள் விரல்களை வலிக்க வலிக்க இறுக்கிக்கொண்டது.

ஆஸ்பத்திரி குமாஸ்தா காகிதக் கட்டுக்குள்ளிருந்து நிமிர்ந்து பார்த்தார்.

"நான் அவர் சம்சாரம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"நீ சொன்னாப் போதுமா? பெத்த அப்பனே இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாரு. ரத்த சம்பந்தம் உள்ள ஆம்பள யாரையாவது கூட்டிட்டு வா."

"யாரும் வர மாட்டாங்க."

"அப்ப அடுத்த வாரம் அனாதை விடுதிதான். வெளியாள் யாராவது இரக்கப்பட்டுப் பாத்துக்கறேன்னு கையெழுத்துப் போட்டா அவங்ககூட அனுப்பலாம். அதுக்கு அத்தாட்சி எதுவும் கேக்கறதில்ல."

"வெளியாள்னா, பொம்பளையும் போடலாமா?"

"யார் வேணாலும் போடலாம். ஆனா போட்டப்புறம் சம்சாரம்னு சொல்லிக்கிட்டு வந்து நிக்கக் கூடாது."

அவள் கதவு வழியாக ஒரு தரம் கட்டிலைப் பார்த்தாள். பிறகு பேனாவுக்குக் கை நீட்டினாள். பெயர், தொழில், முகவரி. முகவரியில் மாமனார் வீட்டை எழுதவில்லை. தையல் கூடத்துக்குப் பின்னால் அவளோடு வேலை செய்யும் இரண்டு பெண்கள் தங்கியிருந்த அறையை எழுதினாள். 'உறவுமுறை' என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கி, 'எதுவும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

குமாஸ்தா படித்துப் பார்த்து முத்திரை குத்தினார். எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்கம்மா. வண்டிக்குச் சொல்றேன். யாரோ எவரோ ஒருத்தருக்காக இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. இனிமே உங்கள யாரும் தடுக்க முடியாது."