கால் மணி நேரம் பிந்திய கண்ணாடிகள்

அந்தத் தெருவின் ஆறு கண்ணாடிக் கடைகளில், ஐந்து கடைக் கண்ணாடிகள் எதிரே நிற்பவரை உடனே காட்டின. ஆறாவது கடைக் கண்ணாடிகள் கால் மணி நேரம் கழித்துக் காட்டின. அதை நடத்தியவள் ஒரு விதவை, தம்பிதான் துணை. முதலில் ஆறு கடைக்கும் ஒரே ஆலைச் சரக்கு, ஒரே விலை. ஆள் இழுக்க அவள் வாசலில் வண்ண விளக்கு போட்டாள், சீப்பு இலவசம் என்றாள். மறுநாளே மற்ற ஐவரும் அதையே செய்தார்கள். வேறு வழியில்லாமல் கண்ணாடிக்குப் பின்னால் பூசும் பூச்சைத் தானே காய்ச்சினாள். எங்கே கை தவறியதோ, காலையில் எதிரே போய் நின்றால் காலி அறைதான் தெரிந்தது. சற்றுக் கழித்து, சாப்பிடப் போய்விட்ட தம்பி கண்ணாடிக்குள்ளே தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

“இதை எவன்க்கா வாங்குவான்?” என்றான் தம்பி, திரும்பி வந்ததும்.

விவரம் சொல்லியும் ஒரு தையற்காரி, பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஒன்றை வாங்கிப்போனாள். பத்தாம் நாள் மூச்சிரைக்க வந்தாள். திருப்பித் தரத்தான் என்று இவள் பணப்பெட்டியைத் திறந்தாள்.

“இன்னொண்ணு குடு. பொண்ணு வேலைக்கு வெளியூர் கிளம்பிட்டா. கதவைச் சாத்திட்டுத் திரும்பினா, கண்ணாடியில நின்னு தலை பின்னிக்கிட்டிருக்கா. முடிக்கிறவரைக்கும் கூடவே நின்னேன்.”

அதன்பின் கடையில் நிற்க இடமில்லை. இரண்டு வருடம் கழித்து எதிர்க்கடைக்காரர் ஒரு மாதம் பிந்தும் கண்ணாடியை இறக்கினார். கூட்டம் அப்படியே தெருவைக் கடந்தது. நாமும் இரண்டு மாதக் கண்ணாடி போடுவோம் என்று தம்பி நச்சரித்தான். அவளுக்கும் ஆசைதான், பூச்சுக்கு வேண்டிய சாமான்களுக்குச் சொல்லிக்கூட விட்டாள்.

அந்த வாரம் தபால்காரரின் மனைவி இறந்ததற்குத் துக்கம் கேட்கப் போனாள். அவர் வீட்டில் இருந்தது எதிர்க்கடைக் கண்ணாடி. அதில் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் கண்கொட்டாமல் உட்கார்ந்திருந்தார். சின்ன மகள் தோளைத் தொட்டுக் கூப்பிட்டாள்.

“உன்னை அடுத்த மாசம் பாத்துக்கிறேம்மா” என்றார், திரும்பாமலே.

கடைக்காரி வீட்டுக்குப் போகவில்லை. நேரே கடைக்கு வந்தாள்.

“கால் மணி நேரம் போதும்டா. அதுக்கு மேல பார்த்தா மனுஷன் எந்திரிக்க மாட்டான்.”

அதையே பலகையில் எழுதி வாசலில் மாட்டினாள். ஒரு வருடம் ஈ ஓட்டினாள். பிறகு ஒவ்வொருவராக, அதிலும் பிள்ளைகள் உள்ள வீட்டார், மாதக் கண்ணாடிகளைக் கழற்றிக்கொண்டு மாற்ற வந்தார்கள்.

இப்போது அந்த ஊரில் யாராவது கிளம்பினால் வீட்டார் கண்ணாடி முன் போய் நிற்கிறார்கள். கால் மணி ஆனதும் யாராவது ஒருவர், “சரி, போயாச்சு” என்கிறார். மற்றவர்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போகிறார்கள்.