வலிக்காத இடம்

அக்கா வீட்டுக்காரர் ரொட்டி ஆலையில் அடுப்புப் பொறுப்பாளர். போன செவ்வாய்க்கிழமை காலை, கொதிக்கும் இரும்புத் தட்டு ஒன்று அவருடைய வலது புறங்கையில் அழுந்திவிட்டது. நான் நர்ஸாக வேலை பார்க்கும் தீக்காயப் பிரிவுக்கு அக்கா அவரை விடாப்பிடியாக இழுத்து வந்தாள்.

“மச்சினிச்சி, சட்டுனு மருந்தைத் தடவி விடு. பத்து மணிக்கு ரெண்டாவது மாவு ஏத்தணும்.”

கழுவிப் பார்த்தேன். ஓரமெல்லாம் சிவந்து கொப்புளம் கட்டியிருந்தது. நடுவில் மட்டும் ஒரு தீப்பெட்டி அளவுக்கு வெளுத்து, விறைத்துக் கிடந்தது.

“எங்க வலிக்குது மாமா?”

“ஓரம்தான் எரியுது. நடுவுல ஒண்ணுமே இல்ல, அப்பவே ஆறிப்போச்சு. நம்ம உடம்பு அப்படி!”

ஊசி முனையால் நடுவில் தொட்டேன். அவர் பாட்டுக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரத்தில் தொட்டதும் “அம்மாடி!” என்று நாற்காலியோடு துள்ளினார்.

“கத்தின இடம் பிழைச்சுக்கும். கத்தாத இடம்தான் வம்பு,” என்றேன்.

மேல்தோல் போனால் அடியிலிருந்து புதிதாக வளர்ந்துவிடும். நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுவது அதற்கு அடுத்த அடுக்கில். நடுவில் அந்த அடுக்கே வெந்துபோயிருந்தது. அப்படியே விட்டால் தழும்பு சுருங்கி விரல்களைப் பின்னுக்கு இழுக்கும், கை மடங்காது என்று அவரிடம் சொன்னேன்.

அவர் முகம் தொங்கிப்போயிற்று. “மாவு பிசைய முடியாதா?”

“முடியும். தொடையிலேர்ந்து கொஞ்சம் தோல் எடுத்து ஒட்டணும், அவ்வளவுதான்.”

அக்கா விடுவாளா? “எடுத்துக்கோடி. எருமைத்தோல், தாராளமா இருக்கு.”

மருத்துவரும் அதையேதான் சொன்னார். வியாழக்கிழமை ஒட்டினார்கள்.

இன்று ஐந்தாம் நாள், கட்டைப் பிரித்தேன். ஒட்டிய தோல் பிடிக்காவிட்டால் கறுத்து, கழன்று வந்துவிடும். அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். விரலால் லேசாக அழுத்தி எடுத்தேன். வெளுத்தது. ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் இளஞ்சிவப்பு திரும்பி வந்தது. கீழிருந்து ரத்தம் ஏறத் தொடங்கிவிட்டது.

“பிடிச்சிடுச்சு மாமா.”

“அப்ப நாளைக்கு வேலைக்கு...”

“ரெண்டு மாசத்துக்கு அடுப்புப் பக்கம் தலைவெச்சே படுக்கக் கூடாது. வெள்ளிக்கிழமையிலேர்ந்து விரல் மடக்கிப் பழகணும், தினம் அஞ்சு வேளை.”

நேரங்களைத் தாளில் வரிசையாக எழுதி அக்காவிடம் நீட்டினேன்.

“நான் பாத்துக்கறேன்,” என்றாள்.

“போச்சுடா,” என்றார் மாமா.