துப்பாக்கிக்கு ஒரு பெட்டி

துப்பாக்கி வைக்கிற பெட்டி வேண்டும் என்று தங்கராஜ் கேட்டதும், கோவை ஆர்.எஸ்.புரத்துக் கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். சாயம் போன காக்கிச் சட்டை, காலில் ரப்பர் செருப்பு, கையில் சாப்பாட்டுப் பை. இந்த ஆளிடம் ஏது துப்பாக்கி என்று நினைத்திருப்பார், நினைத்துவிட்டுப் போகட்டும். ஆள் உயரப் பெட்டி ஒன்றைக் காட்டி முப்பத்தெட்டாயிரம் என்றார். தங்கராஜின் கையில் இருந்தது பன்னிரண்டாயிரம். வந்ததற்கு ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு இறங்கி நடந்தார்.

துப்பாக்கி அவரிடம் இருக்கத்தான் செய்தது. ராணுவத்தில் பதினேழு வருஷம் கழித்து ஹவில்தாராக வெளியே வந்ததும் லைசென்ஸ் எடுத்து வாங்கிய இரட்டைக்குழல். சொந்தத் துப்பாக்கியோடு வருகிற காவலாளிக்கு வங்கியில் ஒரு சம்பளம், கம்போடு வருகிறவருக்கு அதில் பாதி. போத்தனூரில் அவர் வீட்டில் உலை கொதிப்பது அந்தத் துப்பாக்கியால்தான். ஒன்பது வருஷமாகச் சாயங்காலம் அதை ரெக்சின் உறையில் போட்டு மொபெட்டில் வீட்டுக்குக் கொண்டுவந்து, துணி பீரோவில் சேலைகளுக்குப் பின்னால் நிறுத்தி வைத்தார். தோட்டாக்கள் அதே பீரோவின் மேல்தட்டில். சாவி பீரோவிலேயே தொங்கும். பட்டாளத்தில் ஆயுதக் கொட்டடிக்குக் காவல் நின்ற மனுஷன் இப்படியா வைப்பார் என்று கேட்டால், அப்படித்தான் வைத்தார். வீட்டில் இருப்பது மூன்று பேர், யார் தொடப்போகிறார்கள் என்று இருந்துவிட்டார்.

மூன்றாவது ஆள் அவருடைய மகன் ஜேக். ஓசூரில் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தான். ஆள் குறைத்தபோது வேலை போய் வீட்டுக்கு வந்தான். வேலை போனவன் ஊரில் அவன் ஒருவன்தானா என்று முதலில் எல்லாரும் லேசாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். அவனோ பேச்சைக் குறைத்தான், சோற்றைக் குறைத்தான், கோயிலுக்கு வருவதை நிறுத்தினான். பிப்ரவரியில் ஒரு காலை, தண்டவாளத்து ஓரத்தில் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தவனை ரயில்வே ஊழியர் ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வீட்டில் விட்டார்.

வைத்தியம் பார்த்த டாக்டர் மாத்திரை எழுதினார். மாத்திரை அட்டையைக்கூட அம்மா கையில் வைத்திருக்கட்டும், வீட்டில் எலி மருந்து, பூச்சி மருந்து எதுவும் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார். தங்கராஜ் சொன்னார். டாக்டர் பேனாவை மூடிவைத்தார். அந்த எண்ணம் ஓர் அலை போல வரும், கொஞ்ச நேரம் கைக்கு ஒன்றும் எட்டாமல் இருந்தால் போய்விடும், பிழைத்துக்கொள்வான், அந்தக் கொஞ்ச நேரத்தை நீங்கள்தான் வாங்கித் தர வேண்டும் என்றார்.

மறுநாளே வங்கி மேனேஜரிடம் போய் நின்றார். துப்பாக்கியையும் தோட்டாவையும் ராத்திரி கிளையிலேயே விட்டுப்போக மேனேஜர் அனுமதித்தார். ஆனால் தணிக்கைக்கு ஆள் வருகிறார்கள், காவலாளியின் சொந்த ஆயுதம் உள்ளே இருக்கக் கூடாது, மாதக் கடைசிக்குள் எடுத்துவிடுங்கள் என்றும் சொன்னார். அதற்குள் பெட்டி வேண்டும். இல்லையென்றால் துப்பாக்கியை விற்றுவிட்டுக் கம்போடு நிற்க வேண்டும். அந்தப் பாதிச் சம்பளத்தில் டாக்டருக்குக் கொடுக்க முடியாது.

அடுத்து ஒரு பர்னிச்சர் கடையில் நகை வைக்கிற பெட்டியைப் பார்த்தார். விலை அடக்கம், உயரமும் அடக்கம், இரண்டு அடிகூட இல்லை. இரட்டைக்குழலைப் பிரித்து வைக்கலாம். குழல் தனி, கட்டை தனி. ஆனால் குழல் மட்டுமே முப்பது அங்குலம். ஆன்லைனில் வந்ததென்று பக்கத்துத் தெருக்காரர் காட்டிய பெட்டியின் கதவு, கட்டை விரலால் அழுத்தினாலே உள்ளே போனது. அப்பளப் பெட்டிக்குப் பூட்டு எதற்கு என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தார். கடைசியில் கணபதியில் பட்டறை வைத்திருக்கும் சென்னியப்பனிடம் போனார். மில்களுக்கு டூல்ஸ் பீரோ செய்து கொடுக்கிறவர் அவர்.

மூன்றடி உயரம், நாலு எம்.எம். தகடு, உள்ளே தோட்டாவுக்குத் தனிப் பூட்டோடு சின்ன அறை. சென்னியப்பன் தரையில் சாக்பீஸால் வரைந்து காட்டினார்.

"ஏனுங்க, திருடனுக்கு இத்தன கனம் வேணுமுங்களா? நம்மூர்ல அப்படியாப்பட்ட திருடன் யாருங்க?" என்றார்.

தங்கராஜ் அவர் முகத்தைப் பார்க்காமல், "இருக்கானுங்க" என்றார்.

வீட்டிலும் அதே கதைதான். மனைவி ஜெயக்கொடிக்குப் பெட்டி எதற்கென்று தெரியும். ஜேக்கிடம் மட்டும் ஊரில் திருட்டு ஜாஸ்தி, லைசென்ஸ் புதுப்பிக்கவும் பெட்டி கேட்கிறார்கள் என்று சொன்னார். இரண்டும் பொய்யல்ல, காரணமும் அல்ல. பெற்ற பிள்ளையிடம், உன்னிடமிருந்துதான் பூட்டுகிறேன் என்று எந்த அப்பன் சொல்வான்?

பூட்டில்தான் பட்ஜெட் எகிறியது. சாவிப் பூட்டு மலிவு. ஆனால் இரண்டு அறை வீட்டில் சாவியை எங்கே ஒளிப்பது? அரிசி டிரம், மாதா படத்தின் பின்பக்கம், தையல் மெஷின் டிராயர் என்று ஜெயக்கொடி கிறிஸ்துமஸ் முறுக்கை ஒளித்த இடமெல்லாம் ஐந்து வயதிலேயே கண்டுபிடித்தவன் ஜேக். சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு தூங்கலாம், தூக்கத்தை என்ன செய்வது? ஆறு எண் போட்டுத் திறக்கிற பூட்டு நாலாயிரத்து எண்ணூறு. ஜெயக்கொடி காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேப்பங்குச்சியைச் செருகிக்கொண்டாள். பூட்டோடு வந்த இரண்டு அவசரச் சாவிகளையும் தங்கராஜ் வீட்டுக்கே கொண்டுவரவில்லை. மேனேஜரைக் கேட்டு, அவருடைய மேசை டிராயரில் வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெட்டி வருவதாக ஏற்பாடு. அன்றைக்கு ஜேக்கை வெள்ளகோவிலில் இருக்கும் அத்தை வீட்டுக்கு அம்மாவோடு அனுப்பிவிடுவதும் ஏற்பாடு. மாட்டுகிற இடத்தில் அவன் நிற்கக் கூடாது என்று தங்கராஜ் நினைத்திருந்தார். அவனோ செருப்பு வரை மாட்டியவன், நான் வரவில்லை என்று திரும்பி உட்கார்ந்துவிட்டான். தனியாக விடக் கூடாது என்று ஜெயக்கொடியும் போகவில்லை. சென்னியப்பன் டெம்போவில் பெட்டியையும் வெல்டிங் மெஷினையும் ஏற்றிக்கொண்டு சொன்ன நேரத்துக்கு வந்து நின்றார். இன்றைக்குப் பார்த்தா சொன்ன நேரத்துக்கு வந்து தொலைக்க வேண்டும்!

முன்னறைச் சுவரில் ஓட்டை போட்டார்கள். போல்ட்டை முறுக்க முறுக்கச் செம்மண்தான் கொட்டியது, பிடிக்கவில்லை. மூன்று ஓட்டை போட்டும் அதே கதை. சென்னியப்பன் தலையைச் சொறிந்தார். கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஜேக் எழுந்து வந்தான்.

இது மண் வைத்துக் கட்டிய சுவர், நிற்காது, பின்னறையில் கான்கிரீட் தூண் இருக்கிறது என்றான். தூணில் இரண்டு, தரையில் இரண்டு போல்ட் போட்டால் அசையாது என்றான். நாலு மாதத்தில் அவன் இத்தனை வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி ஜெயக்கொடி கேட்டதில்லை. அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றுவிட்டாள். தூணில் போல்ட் கல் மாதிரிப் பிடித்தது.

தங்கராஜுக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நிமிஷமே அது போயிற்று. ஜேக் பெட்டியைச் சுற்றி வந்து குனிந்து, கதவு ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கீலு வெளிய இருக்குதுங்க. அதுல இருக்கற ஆணிய அறுத்தா கதவு கையோட வந்துருமுங்க" என்றான்.

சென்னியப்பன் சிரித்து, திருடனுக்கு அந்த அளவு மூளை ஏதுங்க தம்பி என்றார். தங்கராஜ் சிரிக்கவில்லை. இவன் எதற்கு இதையெல்லாம் பார்க்கிறான்? பன்னிரண்டாயிரமும் கம்மலும் போட்டு வாங்கிய பெட்டியில் எங்கே வழி இருக்கிறது என்று தேடுகிறானா? பெட்டியைத் திரும்ப ஏற்றிவிடச் சொல்லலாமா, துப்பாக்கியே வேண்டாம், கம்போடு நின்று சாகலாம் என்றுகூட மனதில் ஓடியது.

அதற்குள் ஜேக் சாக்பீஸை வாங்கிக் கதவின் உள்பக்கம் கோடு போட்டிருந்தான். இங்கே சட்டத்துக்குப் பின்னால் மாட்டுகிற மாதிரி நீளமாக ஓர் இரும்புப் பட்டை வெல்டு வைத்தால், கீலை அறுத்தாலும் கதவு வராது என்றான். சென்னியப்பன் ஒரு கணம் பார்த்துவிட்டு, சொல்வது சரிதான் என்று பட்டையை எடுத்தார். ஜேக்கே அதைப் பிடித்துக்கொண்டான். வெல்டு ஆறியதும் கதவைப் பிடித்துத் தன் பலம் முழுவதும் போட்டு இழுத்துப் பார்த்தான். மறுபடி இழுத்தான். அது வரவில்லை என்று தெரிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு தள்ளி நின்றான்.

சென்னியப்பன் காசை வாங்கிக்கொண்டு போனார். பூட்டுக்கு எண் வைப்பது ஒன்றுதான் பாக்கி. தங்கராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கூட வந்த தாளைப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. விரலை எண்களின் மேல் கொண்டுபோனார்.

"அப்பா, எம் பொறந்த நாளு வேண்டாமுங்க" என்றான் ஜேக்.

தங்கராஜின் விரல் நின்றது. ஏ.டி.எம். கார்டுக்கு, போனுக்கு, மொபெட் செயின் பூட்டுக்கு என்று எல்லாவற்றுக்கும் அவர் வைத்திருப்பது அதைத்தான். இருபத்துநாலு வருஷத்தில் வேறு எண் அவருக்குத் தோன்றியதே இல்லை.

"அம்மாளுது, உங்க கல்யாண நாளு, பட்டாள நம்பரு எதுவும் வேண்டாமுங்க. எல்லாம் எனக்குத் தெரியும். தெரியாத ஒண்ணா போடுங்க." அவன் வாசலைப் பார்த்துப் பேசினான். "இன்னைக்கு நல்லாத்தான் இருக்கேனுங்க. எல்லா நாளும் இப்படியே இருப்பேனான்னு தெரியலீங்க."

திருடன், லைசென்ஸ் என்று ஏதாவது சொல்லிப் பார்க்கலாம் என்று வாயெடுத்த தங்கராஜ் அதை விட்டுவிட்டார்.

"சரி கண்ணு" என்றார்.

ஜேக் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். தங்கராஜ் பெட்டியின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். அவன் அறியாத ஆறு எண்ணை யோசித்து யோசித்துப் பார்த்தார். அவர் பிழைப்பில் அப்படி ஒன்று இல்லை. பச்சை விளக்கு அணைந்துபோய், திரும்ப எரியவைத்தார். கடைசியில் எதோடும் சேராத ஆறு எண்ணை வாய்க்கு வந்தபடி போட்டு, ஜெபம் சொல்வது போல உதடு பிரியாமல் சொல்லிச் சொல்லி மனப்பாடம் செய்தார். கண்ணில் வடிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

"போட்டுட்டீங்களா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"போட்டுட்டேன்."

"நா உள்ள வரட்டுங்களா?"

"வா சாமி" என்றார் தங்கராஜ்.