ஆனையூரில் பால் கசந்த விதம்

பங்குனி மாதம் மாரியம்மன் கோவிலுக்குக் காப்புக் கட்டிய மறுநாள் காலையில் ஆனையூரில் பால் கசந்துபோனது. பாக்கெட் பால் கசந்தது, கறந்த பால் கசந்தது, முதல் நாள் உறைக்கு ஊற்றிய தயிரும், பேக்கரிக் கண்ணாடிக்குள் இருந்த பால்கோவாவும், பெட்டிக்கடையில் கிடந்த குச்சி ஐஸும் கசந்தன. தேங்காய்ப் பாலுக்கு ஒன்றும் ஆகவில்லை. எருக்கம்பாலை யாரும் ருசி பார்க்கவில்லை. முதலில் இதைக் கண்டவர் முக்கில் டீக்கடை வைத்திருக்கும் சங்கிலி. முதல் டீயைச் சாமி படத்துக்கு முன் வைத்துவிட்டு இரண்டாவதைத் தான் குடித்தவர், அதைத் துப்பிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவினார். பிறகு வடிதுணியை மாற்றினார், தூளை மாற்றினார், பாலை மாற்றினார். கடைசியில் கோளாறு தன் நாக்கில்தான் என்று முடிவு செய்து முதலில் வந்த ஆளிடம் கொடுத்துப் பார்த்தார். அவரும் துப்பினார். பால்காரி சோணையம்மாள், கசந்த பாலைக் கேனோடு டிவிஎஸ்ஸில் ஏற்றிக் கண்மாய்க்கரையைத் தாண்டிப் போய் அங்கே ஒரு மடக்குக் குடித்தாள். நல்ல பால். திரும்பி இந்தப் பக்கம் வந்து அதே கேனில் ஒரு மடக்குக் குடித்தாள். கசப்பு. அவள் வீட்டுக் கன்றுக்குட்டி மட்டும் எப்போதும்போல முட்டி முட்டிக் குடித்துவிட்டு வாலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அதை அன்றைக்கு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காரணம் வேறொரு வீட்டில் இருந்தது. கோவில் தெருவின் கடைசியில் குடியிருந்த திவ்யா நிம்மதியாகத் தூங்கி அப்போது இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவள் புருஷன் செல்வக்குமார் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். கோழி கூப்பிடுமுன் மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவான், வெயில் ஏறியபின் வந்து விழுந்து தூங்குவான். நல்லவன்தான். ஆனால் பிள்ளைக்குப் பால் வேண்டுமென்றால் அவனால் என்ன செய்ய முடியும். மகள் தன்ஷிகாவுக்கு எதற்கும் பால்தான். விழுந்தாலும் பால், எழுந்தாலும் பால், பக்கத்து வீட்டு நாய் குரைத்தாலும் பால். அதற்கு அவள் வைத்திருந்த பெயர் பாச்சி. தாயின் தாலிச் சரடை ஒரு விரலில் சுற்றித் திருகிக்கொண்டே குடிப்பாள். சரடை விடுவித்தால் விழித்துக்கொள்வாள், திருகவிட்டால் தாய்க்குத் தூக்கம் வராது. பகலில் வேறு வேலைகள் இருந்தன. வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தால் ஏன் உரித்தாய் என்று அழுவாள். திரும்பத் தோலை மூடிக் கொடுத்தால் அது பழையபடி ஒட்டவில்லை என்று தரையில் மல்லாந்துவிடுவாள். தண்ணீர் நீல டம்ளரில்தான் வர வேண்டும். நீல டம்ளரில் வந்தால், அதில் ஏன் தண்ணீர் இருக்கிறது என்று கேட்பாள். குளிக்கப் போன தாயைக் கதவுக்கு வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். இப்படியே இருந்ததில் திவ்யாவுக்கு ரத்தம் குறைந்து, குழம்பில் உப்புப் போட்டோமா என்பது ஞாபகமில்லாமல் குழம்பைப் பார்த்தே அழுதுவிடும் நிலைக்கு வந்திருந்தாள். ஊசி போடப் போன இடத்தில் நர்சம்மா கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டு முடிஞ்சிருச்சுல்ல, போதும்மா, பிள்ளைய மறக்கடி. இல்லாட்டி உன்னைய நாங்க தூக்கிட்டு வரணும்" என்றார்.

பால் மறக்கடிக்க வேப்பிலை அரைத்துத் தடவுவது எல்லாரும் செய்வதுதான். பக்கத்து வீட்டு முருகம்மாள் இட்லி மாவு அரைத்து விற்பவள். அரைப்பதென்றால் அவளிடம்தான் போக வேண்டும். "இலைய மட்டும் கொண்டாந்து குடு, மிச்சத்த நான் பார்த்துக்கிறேன்" என்றாள். தவறு அந்த இலையில் நடந்தது. வேப்பமரம் கோவில் வாசலில் நிற்கிறது. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போய்வரத் திவ்யாவுக்குத் தெம்பில்லை. அவள் வீட்டு வாசலிலேயே, காப்புக்காகத் தெருவுக்குக் குறுக்கே கட்டிய வேப்பிலைத் தோரணம் கையெட்டும் உயரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை தோரணத்து இலை ஆத்தாளுடையது, ஆடுகூட வாய் வைக்கக் கூடாது. இது திவ்யாவுக்குத் தெரியும். தெரிந்தேதான் ஒரு கொத்தை ஒடித்தாள். அசந்துபோன கைக்கு எது பக்கமோ அதுதான் மரம். முருகம்மாள் அதை நைஸாக அரைத்து, தன் கைப்பக்குவமாக ஒரு சிட்டிகை பெருங்காயமும் சேர்த்து உருட்டிக் கொடுத்தாள். மறுநாள் விடியும் நேரத்தில் தன்ஷிகா பாச்சி கேட்டு வந்தபோது திவ்யா உருண்டையைக் குழைத்து மாரில் தடவிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். பிள்ளை மோந்து பார்த்தது. மூக்கைச் சுருக்கியது. பிறகு நாக்கு நுனியால் தொட்டுப் பார்த்து, "இனிக்கி" என்று சொல்லிவிட்டுச் சரடைத் திருகிக்கொண்டு குடிக்கத் தொடங்கியது. முக்குக்கடையில் சங்கிலி தன் டீயைத் துப்பியது அந்த நேரத்தில்தான்.

அந்த டீயில் மேலும் ஒரு மணம் இருந்ததை மத்தியானம் முருகம்மாள்தான் கண்டுபிடித்தாள். ஒரு வாய் குடித்ததும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "பெருங்காயம். இது என் உருண்டை" என்றாள். அவள் எதையும் மறைக்கத் தெரியாதவள். பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

கோவில் காரியங்களைப் பார்க்கும் அழகுமலை ஏழெட்டுப் பேருடன் திவ்யாவின் வாசலுக்கு வந்தார். அவர் கவலை டீயைப் பற்றியதல்ல. அந்த வாரக் கடைசியில் பால்குடம். தெருவுக்கு இத்தனை குடம் என்று நேர்ந்தாகிவிட்டது. கசந்த பாலை ஆத்தாள் தலையில் எப்படி ஊற்றுவது.

"ஏத்தா, தோரணத்துல கை வச்சியாமே?"

"வச்சேன் மாமா."

"காப்புக் கட்டுனது தெரியும்ல?"

"தெரியும். இவளைத் தூக்கிக்கிட்டு எம்புட்டுத் தூரம் மாமா நடக்குறது?"

அழகுமலை பிள்ளையைப் பார்த்தார். அது ஒரு காலில் தகப்பனின் செருப்போடு தண்ணீர் வாளிக்குள் நின்றுகொண்டிருந்தது.

"சரி, ஆனது ஆகிப்போச்சு. பழையபடி பிள்ளைக்குப் பாலைக் குடுத்துரு. ஆத்தா மனசு எளகிரும்."

"நான் எங்க மாமா நிறுத்துனேன்? அவ இன்னும் குடிச்சுக்கிட்டுத்தான் இருக்கா. கசப்பெல்லாம் உங்களுக்குத்தான். அவளுக்கு இனிக்குதாம்."

"அப்ப ஊரே பால் மறந்திருச்சு, மறக்க வேண்டிய ஆளைத் தவிர" என்றார் சங்கிலி. அவர் ஒருவர்தான் சிரித்தார்.

திவ்யா சிரிக்கவில்லை. வாசற்படியில் தலையைச் சாய்த்தபடியே சொன்னாள்: "வந்தது வந்துட்டீக. யாராச்சும் ஒருத்தரு இவளை ஒரு மணி நேரம் வச்சுக்கிருங்க. நான் தூங்கி எந்திரிச்சு வந்து, நீங்க என்ன சொன்னாலும் செய்றேன்."

வந்தவர்கள் கோபமாக வந்தவர்கள்தான். இதைக் கேட்டதும் ஒருவர் போனை எடுத்துப் பார்த்தார். ஒருவருக்கு வண்டியை வழியில் நிறுத்திவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. சங்கிலி மட்டும் கையை நீட்டினார். அவர் கைக்குப் போனதும் தன்ஷிகா போட்ட சத்தத்தில், தெருவில் எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் காரணம் தெரியாமல் சேர்ந்து அழுதன. வாங்கிய வேகத்தில் அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்து வந்த நாட்களில் செய்யக்கூடியதை எல்லாம் செய்தார்கள். திவ்யா உருண்டையைக் கழுவிவிட்டுக் கோவிலில் போய் விழுந்து கும்பிட்டாள். செல்வக்குமார் ஏணி வைத்துப் புதுத் தோரணம் கட்டினான். நாகமலை புதுக்கோட்டைப் பக்கமிருந்து நல்ல பாலைக் கேன் கேனாக வரவழைத்தார்கள். எல்லை தாண்டியதும் கசந்தது. மூடியைத் துணி போட்டு இறுக்கினாலும் கசந்தது. கடைகளில் வரக்காப்பி ஓடியது. வீட்டுக்கு வந்த சம்பந்தக்காரர்களுக்கு இஞ்சி தட்டிப் போட்ட கருப்பட்டித் தண்ணீர் கொடுத்து மரியாதையைக் காப்பாற்றினார்கள். ஊரில் இத்தனை நடந்தும் திவ்யாவின் வீட்டில் ஒன்றும் மாறவில்லை. பிள்ளை குடித்தது, அவள் விழித்திருந்தாள். பால்குடத்துக்கு முதல் நாள் அழகுமலை வெகுநேரம் யோசித்துவிட்டு, "வேப்பிலைக்காரிக்கு வேப்பம்பால் ஆகாதா என்ன? அதையே எடுங்கப்பா" என்றார். தோரணத்தை ஒடித்த கையால் முதல் குடம் திவ்யா எடுக்க வேண்டும் என்றும் சொன்னார். திவ்யாவுக்கு அதற்குத் தலையாட்டுவதற்கே களைப்பாக இருந்தது.

மஞ்சள் சேலை கட்டி, தலையில் குடம், இடுப்பில் பிள்ளையோடு அவள் நடந்தாள். தகப்பன் தூக்க வந்தபோது பிள்ளை மாட்டேன் என்றுவிட்டது. செல்வக்குமார் பின்னால் ஒரு பையைச் சுமந்து வந்தான். அதில் மாற்றுச் சட்டை, பிஸ்கட், நீல டம்ளர். மேளமும் வெயிலும் ஏறிக்கொண்டே போயின. பாதி வழியில் தன்ஷிகாவுக்குப் பாச்சி ஞாபகம் வந்தது. எடுத்த குடத்தைக் கோவில் வரும்வரை இறக்கக் கூடாது. ஒரு கை குடத்தில், ஒரு கை பிள்ளையில். திவ்யாவிடம் மூன்றாவது கை இல்லை. "கோவில் வந்துரட்டும் தங்கம், வந்துரட்டும்" என்று சொல்லிக்கொண்டே நடந்தாள். பிள்ளை முதலில் சேலையை இழுத்தது. பிறகு இடுப்பின் மேல் எழுந்து நின்று, குடத்தின் வாயில் செருகியிருந்த வேப்பிலையைப் பிடித்து ஆட்டியது. குடம் சாயவில்லை. பால் மட்டும் தளும்பித் திவ்யாவின் நெற்றியில் இறங்கிக் கன்னத்தில் ஓடியது. உதட்டோரம் வந்ததை அவள் ருசித்துவிட்டாள். அத்தனை கசப்பை அவள் அதுவரை அறிந்ததில்லை. தன்ஷிகா தாயின் கன்னத்தை நக்கிப் பார்த்தாள். ஒரு நொடி யோசித்தாள்.

"இனிக்கி."

மறு கன்னத்தையும் நக்கினாள். அதோடு அழுகை நின்றது.

ஆத்தாளுக்கு ஊற்றி வழிந்த பாலை அண்டாவில் பிடித்துப் பிரசாதமாகக் கொடுத்தார்கள். பெரியவர்கள் உள்ளங்கையில் வாங்கிக் கண்ணை மூடி, கஷாயம்போல் விழுங்கினார்கள். தன்ஷிகா இடுப்பிலிருந்து தானே இறங்கி, பையிலிருந்து நீல டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அண்டாவுக்கு முன் நின்றாள். சங்கிலி ஊற்றினார். குடித்துவிட்டு மறுபடி நீட்டினாள். மறுபடி ஊற்றினார். அதைப் பார்த்துவிட்டு இடுப்புகளில் இருந்த மற்ற பிள்ளைகளும் இறங்கி வந்தன. தெத்துப்பல் தெரிய நின்ற ஒன்றிடம் சோணையம்மாள் குனிந்து, "கசக்கலையாடா?" என்று கேட்டாள். அது அவளை ஏற இறங்கப் பார்த்தது. அப்போதுதான் அவளுக்குத் தன் கன்றுக்குட்டி ஞாபகம் வந்தது. ஆனையூரில் நடக்கத் தெரிந்த பிள்ளைகள் எல்லாம் தாய்ப்பால் மறந்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் திவ்யாவுக்கு மார் கட்டிக்கொண்டது. குடிக்க ஆள் இல்லாத பால் கல்லாக நின்று வலித்தது. அதற்கு மல்லிகைப் பூவை வைத்துக் கட்ட வேண்டும், அதுவும் எல்லாரும் செய்வதுதான். திருவிழா நாளில் பூ விலை பேரம் பேச இடமில்லாமல் ஏறியிருந்தும் முருகம்மாள் உதிரியாக ஒரு பொட்டலம் வாங்கி வந்து கட்டிவிட்டாள். "இந்தப் பூ கோவில் பூவு இல்லையே?" என்று மட்டும் கேட்டுக்கொண்டாள் திவ்யா. "கடைப் பூவுதாண்டி, படு" என்றாள் முருகம்மாள். வாசலுக்கு எதிரே கம்பத்தில் கட்டிய மைக் செட் அலறிக்கொண்டிருந்தது. அதை யாரும் குறைக்கவில்லை, குறைக்கத் தேவையும் இருக்கவில்லை. திவ்யா ஒருக்களித்துப் படுத்தாள். தன்ஷிகா உள்ளே வந்து, சரடை எடுத்து விரலில் ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதைக் கழுத்தோரம் வைத்துவிட்டுத் தகப்பனைத் தேடிப் போனாள்.

முளைப்பாரி போனது, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போனார்கள், தோரணம் காய்ந்தது. செல்வக்குமார் மார்க்கெட்டுக்குப் போகாமல் வாசலில் உட்கார்ந்து பழத்தை உரித்தும் மூடியும் கொடுத்துக்கொண்டிருந்தான். திவ்யா எழுந்தபோது வேறொரு நாள் நடந்துகொண்டிருந்தது. கண் திறக்குமுன் கை பக்கத்தில் துழாவியது. ஆள் இல்லை. அவள் கொஞ்ச நேரம் கையை அங்கேயே வைத்திருந்தாள். பிறகு பிள்ளை நீல டம்ளரோடு வந்து, அடியில் மிச்சமிருந்ததை அவள் வாயில் சாய்த்தது.

"இனிக்கா?"

வேம்பும் பெருங்காயமும் அப்படியே இருந்தன. இப்போது லேசாக மல்லிகையும் மணந்தது.

"இனிக்குது" என்றாள் திவ்யா.

ஆனையூரில் பால் இன்றைக்கும் அப்படித்தான். வெளியூர்க்காரர் முதல் வாய் டீயில் முகம் சுளித்தால், இந்த ஊர்ப் பாலே இந்த ருசிதான், சீனி தூக்கலாகப் போடட்டுமா என்று சங்கிலி கேட்கிறார். உள்ளூர்க்காரர்களுக்குப் பழங்காநத்தம் பக்கம் போய் டீ குடித்தால் என்னவோ குறைகிறது, பாதியில் வைத்துவிடுகிறார்கள். சோணையம்மாளின் வியாபாரம் முன்னைப்போலவே நடக்கிறது. திவ்யாவின் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஊறியிருக்கிறது. போன வாரம் அழகுமலை தெருவில் அவளைப் பார்த்து நின்றார்.

"பாப்பா எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கா மாமா. இன்னும் ஜட்டியிலயேதான் போறா. வர்ற திங்கக்கிழமையில இருந்து கக்கூஸ்ல உக்காரப் பழக்கணும்."

அழகுமலை தலையை ஆட்டினார். பங்குனியில் பால் பட்ட பாடு அவருக்கு ஞாபகம் வந்தது. நேரே கோவிலுக்குப் போய் மைக்கைப் போடச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை இரவே எல்லாரும் தங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை மூடி வைத்துவிடுமாறு அறிவித்தார். எல்லாரும் மூடி வைத்தார்கள்.